அட்டவணையில் இல்லாத நேரம்: பல்கலைக்கழகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

பல்கலைக்கழகத்தில் சேர்ந்ததும் கையில் கிடைக்கும் முதல் தாள் கால அட்டவணைதான். வாரத்துக்குப் பதினைந்து மணி நேரம் வகுப்பு இருக்கும், சில துறைகளில் இருபத்தைந்து வரை போகும். மீதிக் கட்டங்கள் எல்லாம் காலி. பள்ளியில் காலை முதல் மாலை வரை ஒருவர் மாற்றி ஒருவர் வந்து வேலை சொல்லிப் பழகிய நமக்கு, அந்தக் காலிக் கட்டங்கள் ஓய்வு நேரம் என்றே தோன்றும். ஆனால் படிப்பில் பெரும்பகுதி அங்கேதான் நடக்கிறது. நட்பும் அங்கேதான், மன்றங்களும் அங்கேதான், ஆசிரியரோடு உட்கார்ந்து பேசுவதும் அங்கேதான். அந்த நேரத்தை எப்படிப் பிரிப்பது என்று யாரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள்.

நான் இப்போது இளநிலைப் படிப்பின் கடைசி ஆண்டில் இருக்கிறேன். ஒவ்வொரு ஆண்டும் புதிதாக வரும் ஜூனியர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கின்றன. அவற்றுக்கான பதில்களை, செமஸ்டர் நகரும் வரிசையிலேயே எழுதியிருக்கிறேன். விதிகள் இடத்துக்கு இடம் மாறும். அவற்றை மட்டும் உங்கள் மாணவர் கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

முதல் படி: சிலபஸைக் கடைசி வரி வரை படியுங்கள்

முதல் வாரத்தில் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு சிலபஸ் வரும். எல்லோரும் பாடத் தலைப்புகளை மட்டும் பார்த்துவிட்டு மூடி வைப்பார்கள். உங்களுக்கு உடனடியாகத் தேவைப்படும் விஷயங்கள் அதற்குக் கீழே இருக்கும்: மதிப்பெண் எப்படிப் பிரிகிறது, எந்த வேலை எந்தத் தேதிக்கு, தாமதமானால் எவ்வளவு கழிப்பார்கள், வருகைப்பதிவு எவ்வளவு வேண்டும்.

மதிப்பெண் பிரிவைப் பார்த்தாலே அந்தப் பாடத்தை எப்படி நடத்த வேண்டும் என்று தெரிந்துவிடும். இறுதித் தேர்வுக்கு 70 சதவீதம் என்றால் செமஸ்டர் முழுக்கச் சீராகப் படித்து வர வேண்டிய பாடம் அது. வாராவாரம் வரும் சின்னச் சின்ன அசைன்மென்டுகளுக்கே 40 சதவீதம் என்றால், ஒன்றைக்கூட விடாமல் நேரத்துக்குக் கொடுப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

அப்புறம் எல்லாப் பாடங்களின் தேதிகளையும் ஒரே காலண்டரில் எழுதுங்கள். தனித்தனியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு பாடமும் நியாயமாகத்தான் தெரியும். ஒன்றாக எழுதியதும்தான் ஒரே வாரத்தில் இரண்டு இடைத்தேர்வும் ஒரு கட்டுரையும் வந்து மோதுவது கண்ணில் படும். அதை இரண்டாவது வாரத்திலேயே பார்த்துவிட்டால் கட்டுரையை முன்கூட்டியே தொடங்கலாம், அல்லது ஆசிரியரிடம் இப்போதே கேட்கலாம். தேதிக்கு முந்தைய நாள் இரவு வரும் வேண்டுகோளை யாரும் விரும்புவதில்லை.

இன்னொன்றையும் சிலபஸிலேயே தேடுங்கள். சாட்ஜிபிடி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்தலாமா, கூடாதா என்பது பாடத்துக்குப் பாடம் வேறுபடும். ஒரு பாடத்தில் அனுமதித்ததை இன்னொரு பாடத்தில் செய்தால் அது நேர்மை மீறலாகப் போய்விடலாம். எழுதப்படவில்லை என்றால் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: மணிக்கணக்கைப் போட்டுப் பாருங்கள்

கிரெடிட் என்ற சொல்லை எல்லோரும் பட்டம் வாங்கத் தேவையான எண்ணாக மட்டும் பார்க்கிறார்கள். உண்மையில் அது நேரத்தின் அளவு. ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான இசிடிஎஸ் என்ற கிரெடிட் முறையில் ஒரு முழு ஆண்டுப் படிப்பு 60 கிரெடிட்; ஒரு கிரெடிட்டுக்கு 25 முதல் 30 மணி நேர உழைப்பு என்று கணக்கிடுகிறார்கள். அப்படியானால் 5 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 125 முதல் 150 மணி நேரம். வாரத்துக்கு மூன்று மணி நேர வகுப்பு 15 வாரம் நடந்தால் 45 மணி நேரம்தான் ஆகிறது. மிச்சம் எண்பது மணி நேரத்துக்கு மேல் நீங்கள் தனியாக உட்கார வேண்டியது. அமெரிக்காவில் கணக்கு வேறு மாதிரி எழுதப்பட்டிருக்கிறது: வகுப்பில் ஒரு மணி நேரம் என்றால் வெளியே குறைந்தது இரண்டு மணி நேரம். எந்தப் பக்கம் இருந்து பார்த்தாலும் விகிதம் ஏறக்குறைய ஒன்றுதான். உங்கள் பல்கலைக்கழகத்தின் எண் சற்று மாறலாம், ஆனால் வகுப்புக்கு வெளியே உள்ள பங்கு எங்கும் சிறியதாக இருக்காது.

இதைத் தெரிந்துகொண்டால் ஒரு மன நிம்மதியும் கிடைக்கும். “வகுப்பில் புரியவில்லை, எனக்கு மூளை குறைவோ” என்று முதல் மாதத்தில் பலர் கலங்குகிறார்கள். வகுப்பு முடிந்ததும் முழுசாகப் புரிந்திருக்க வேண்டும் என்று இந்த ஏற்பாட்டில் யாரும் எதிர்பார்க்கவே இல்லை. விரிவுரை வழியைக் காட்டுகிறது, புரிவது அப்புறம் மேசையில்தான் நடக்கிறது.

ஆக, காலிக் கட்டங்களில் பாடத்தின் பெயரை எழுதுங்கள். “மாலையில் படிப்பேன்” என்பது போதாது. “செவ்வாய் 11 முதல் 1 வரை, புள்ளியியல், நூலகம் இரண்டாம் மாடி” என்று இருக்க வேண்டும். இரண்டு வகுப்புகளுக்கு நடுவே வரும் ஒரு மணி, இரண்டு மணி நேர இடைவெளிகளை முதலில் நிரப்புங்கள். அந்த நேரத்தில் அறைக்குத் திரும்பிப் போனால் படுக்கையில்தான் முடியும். பகலில் இந்த இடைவெளிகளைப் பயன்படுத்துபவருக்கு மாலைகள் பெரும்பாலும் விடுதலையாகக் கிடைக்கின்றன. நண்பர்களுக்கான நேரம் அங்கிருந்துதான் வருகிறது.

வேலைக்கு எத்தனை நாள் ஆகும் என்று கணிக்கும்போது உங்கள் முதல் கணிப்பை நம்பாதீர்கள். 1994-இல் வெளிவந்த ஓர் உளவியல் ஆய்வில், இறுதியாண்டு மாணவர்களிடம் ஆய்வேட்டை எப்போது முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரியாக 34 நாள் என்றார்கள். உண்மையில் ஆனது 55 நாளுக்கு மேல். அவர்கள் சோம்பேறிகள் இல்லை. எல்லாம் சரியாக நடந்தால் எவ்வளவு ஆகும் என்று மட்டுமே மனம் கணக்குப் போடுகிறது. காய்ச்சல் வரும், நூல் கிடைக்காது, கூட்டாளி பதில் போட மாட்டார் என்பதையெல்லாம் அது சேர்ப்பதில்லை. நான் எந்தக் கட்டுரைக்கும் தோன்றும் நாள்களை ஒன்றரை மடங்காக்கியே காலண்டரில் எழுதுகிறேன்.

மூன்றாம் படி: முதல் ஆறு வாரம் ஆட்களுக்காக

நட்பைப் பற்றி யாரும் வழிகாட்டுவதில்லை. அது தானாக நடக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். தானாக நடக்காதவர்கள் தங்களிடம்தான் ஏதோ குறை என்று நினைத்துக்கொண்டு அறைக்குள்ளேயே இருந்துவிடுகிறார்கள். எனக்கு இது வருத்தமான விஷயம். அதனால் இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கன்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஹால், ஒருவர் நண்பராக எத்தனை மணி நேரம் ஒன்றாகச் செலவழிக்க வேண்டும் என்று ஆராய்ந்தார். அவருடைய ஆய்வின் ஒரு பகுதி புதிதாகப் பல்கலைக்கழகம் வந்த முதலாண்டு மாணவர்களிடமே செய்யப்பட்டது. 2018-இல் வெளியான முடிவின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம், நண்பராக 90 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் ஆகிறது. வகுப்பில் பக்கத்தில் உட்காருவதற்கு இந்தக் கணக்கில் பெரிய மதிப்பில்லை. சேர்ந்து சாப்பிடுவது, விளையாடுவது, சும்மா உட்கார்ந்து பேசுவது போன்றவைதான் கணக்கில் ஏறுகின்றன.

இதிலிருந்து இரண்டு விஷயம் கிடைக்கிறது. ஒன்று, மூன்றாவது வாரத்தில் உங்களுக்கு உயிர்த்தோழர் இல்லை என்றால் அதில் வியப்பில்லை, இன்னும் மணி சேரவில்லை. இரண்டு, நூறு பேரை ஒருமுறை சந்திப்பதைவிட ஐந்து பேரைத் திரும்பத் திரும்பச் சந்திப்பது மேல். அறிமுக வாரத்தில் எல்லா நிகழ்ச்சிக்கும் ஓடிக் களைத்துப்போவதைவிட, வாராவாரம் ஒரே ஆட்கள் கூடுகிற ஓர் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

எப்படித் தொடங்குவது? முதல் இரண்டு வாரத்தில் எல்லோருமே புதியவர்கள், யார் போய் யாரிடம் பேசினாலும் விசித்திரமாகத் தெரியாது. வகுப்பு தொடங்குவதற்கு ஐந்து நிமிடம் முன்பே போய், ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவர் பக்கத்தில் உட்காருங்கள். “இந்தப் பாடத்தை ஏன் எடுத்தீங்க?” என்று கேட்டால் போதும், பேச்சு தானாக நகரும். வகுப்பு முடிந்து வெளியே வரும் அந்தச் சில நிமிடங்கள் முக்கியமானவை. போனை எடுக்காமல் இருங்கள். அடுத்த வாரமும் அதே ஆளிடம் போய்ப் பேசுங்கள். மூன்றாவது முறை, “நாளைக்கு அந்தக் கணக்குகளைச் சேர்ந்து போட்டுப் பார்ப்போமா?” என்று கேளுங்கள். இப்படிக் கேட்பது வெறுமனே “சந்திப்போம்” என்று சொல்வதைவிட எளிது. மறுப்பதும் எளிது என்பதால் இருவருக்கும் சங்கடமில்லை.

கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை. பேச்சை மட்டும் நம்பியிருக்கும் கூட்டங்களை விட்டுவிட்டு, கைக்கு வேலை இருக்கும் கூட்டத்துக்குப் போங்கள். நாடக மன்றத்தில் மேடை அமைப்பது, மாணவர் இதழில் பிழை திருத்துவது, மலையேற்றக் குழு, சதுரங்கம், ரோபோ குழு, இப்படி எதுவாக இருந்தாலும் சரி. வேலை இருக்கும் இடத்தில் மௌனம் கனக்காது. சேர்ந்த முதல் மாதத்தில் மூன்று மன்றங்களை எட்டிப் பாருங்கள். அப்புறம் ஒன்றில், கூடிப்போனால் இரண்டில், நிலைத்து நில்லுங்கள். ஏழு மன்றங்களின் வாட்ஸ்அப் குழுவில் பெயர் மட்டும் இருப்பதால் ஒரு நண்பரும் கிடைக்க மாட்டார்.

நெருக்கமில்லாத அறிமுகங்களையும் குறைத்து மதிப்பிட வேண்டாம். லேப்பில் எதிர் மேசையில் இருப்பவர், நூலகத்தில் தினமும் பார்க்கும் முகம், வேறு துறை சீனியர். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973-இல் எழுதிய கட்டுரையின் மையமே இதுதான்: நெருங்கிய நண்பர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்ததாகவே இருக்கும்; புதுச் செய்தி தூரத்து அறிமுகங்கள் வழியாகத்தான் வருகிறது. எந்த ஆசிரியர் ஆய்வுக்கு உதவியாளர் தேடுகிறார், எந்த உதவித்தொகைக்கு இந்த மாதம் கடைசி தேதி என்பதெல்லாம் அப்படித்தான் காதுக்கு வந்து சேர்கின்றன.

நான்காம் படி: வகுப்பிலும் வகுப்பு முடிந்த அன்றும்

வகுப்பில் எல்லாவற்றையும் எழுத முயலாதீர்கள். ஸ்லைடில் இருப்பது எப்படியும் கிடைத்துவிடும். ஸ்லைடில் இல்லாமல் ஆசிரியர் வாயால் சொல்வதை எழுதுங்கள்: எடுத்துக்காட்டு, “இங்கேதான் எல்லோரும் தடுமாறுவார்கள்” என்ற எச்சரிக்கை, ஒரு கருத்துக்கும் இன்னொன்றுக்கும் அவர் போடும் முடிச்சு.

கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1950-களில் வால்டர் பாக் உருவாக்கிய குறிப்பெடுக்கும் முறையை ஒருமுறை செய்து பாருங்கள். பக்கத்தின் இடதுபுறம் ஒரு குறுகலான பத்தி விட்டு, வலதுபுறம் குறிப்புகள். கீழே சில வரிக்கு இடம். வகுப்பில் வலதுபுறம் மட்டும் எழுத வேண்டும். அன்று மாலையே, குறிப்புகளைப் படித்து, இடதுபுறம் கேள்விகளாக எழுத வேண்டும். கீழே உங்கள் சொந்த வார்த்தையில் இரண்டு வரிச் சுருக்கம். இதற்குப் பதினைந்து நிமிடம் போதும். இந்தக் கேள்விகள்தான் பின்னால் தேர்வுக்குப் படிக்கும்போது உங்களுக்குச் சோறு போடும்.

ஐந்தாம் படி: திரும்பப் படிப்பதை நிறுத்துங்கள்

கோடு போட்டுக்கொண்டே பக்கங்களைத் திரும்பத் திரும்பப் படிப்பதுதான் பெரும்பாலோர் படிக்கும் முறை. படிக்கப் படிக்கப் பழகிவிடுவதால் தெரிந்துவிட்டது போல இருக்கும். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006-இல் வெளியிட்ட சோதனை இதை அழகாகக் காட்டுகிறது. ஒரு குழு ஒரு பகுதியை நான்கு முறை வாசித்தது. இன்னொரு குழு ஒரே முறை வாசித்துவிட்டு, மூன்று முறை பார்க்காமல் நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்ப வாசித்தவர்கள்தான் முன்னால் இருந்தார்கள், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது தலைகீழ். திரும்ப வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் நினைவிருந்தது, எழுதிப் பார்த்தவர்களுக்கு 61.

தேர்வு ஐந்து நிமிடத்தில் வருவதில்லை. அதனால் செய்ய வேண்டியது இது: ஒரு பகுதியை ஒருமுறை கவனமாகப் படியுங்கள். நோட்டை மூடுங்கள். வெள்ளைத் தாளில் நினைவிருப்பதை எல்லாம் எழுதுங்கள். அப்புறம் திறந்து, விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும். ஒரு வாரம் கழித்து மறுபடியும். இது கஷ்டமாக இருக்கும், முதல் தடவை தாளில் பாதிகூட நிரம்பாது. அந்தக் கஷ்டத்தில்தான் பாடம் ஏறுகிறது. கணக்குப் பாடம் என்றால் தீர்வைப் பார்த்துத் தலையாட்டுவதை விட்டு, தீர்வை மூடிவிட்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.

ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கச் சொன்னால் முதல் வரியிலிருந்து தொடங்கிக் கடைசி வரை போக வேண்டியதில்லை. தலைப்பு, சுருக்கம், படங்கள், முடிவுரை என்று முதலில் ஒரு சுற்று. என்ன கேட்கிறார்கள், என்ன கண்டுபிடித்தார்கள் என்று இரண்டு வரியில் சொல்ல முடிகிறதா பாருங்கள். சொல்ல முடிந்தால், அப்புறம் உங்களுக்குத் தேவையான பகுதிக்குள் இறங்குங்கள். படித்ததை எல்லாம் ஜொடேரோ போன்ற இலவச மென்பொருளில் முதல் நாளிலிருந்தே சேமித்து வாருங்கள். கட்டுரை எழுதும்போது மேற்கோள் பட்டியலை அதுவே போட்டுத் தரும்.

சேர்ந்து படிப்பது பற்றி. மூன்று, நான்கு பேர் போதும். ஆறு பேர் கூடினால் பேச்சுத்தான் நடக்கும். வருவதற்கு முன் எல்லோரும் தனியாகப் படித்திருக்க வேண்டும், கூடும்போது ஒருவருக்கொருவர் கேள்வி கேட்க வேண்டும். ஒருவர் பலகையில் நின்று விளக்க, மற்றவர்கள் குறுக்கே கேட்பது நல்ல முறை. விளக்குகிறவர்தான் அதிகம் கற்றுக்கொள்கிறார் என்பதால் முறை வைத்து விளக்குங்கள். எனக்கு இங்கே கிடைத்த நெருங்கிய நண்பர்கள் எல்லோரும் இப்படி ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து கிடைத்தவர்கள்தான். படிப்பையும் நட்பையும் இரண்டு தனிக் கணக்காக வைத்துக்கொண்டு, ஒன்றுக்கு நேரம் கொடுத்தால் மற்றது குறையும் என்று தவிக்க வேண்டியதில்லை.

ஆறாம் படி: பேராசிரியரின் கதவைத் தட்டுங்கள்

பல பல்கலைக்கழகங்களில் ஆசிரியர்கள் வாரத்தில் குறிப்பிட்ட நேரத்தை மாணவர்களைச் சந்திப்பதற்கென்றே ஒதுக்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் பெரும்பாலும் யாரும் வருவதில்லை. ஆசிரியர் தனியாக உட்கார்ந்திருப்பார். வெளியே மாணவர்கள் “நம்ம சந்தேகம் ரொம்பச் சின்னது, சிரிப்பாரோ” என்று தயங்கிக்கொண்டிருப்பார்கள்.

நான்காவது வாரத்துக்குள், ஒரு பாடத்துக்காவது, ஒருமுறையாவது போய்விடுங்கள். கையில் ஒரு கேள்வியும், அதற்காக நீங்கள் செய்து பார்த்ததும் இருக்க வேண்டும். “மூன்றாம் அத்தியாயம் புரியவில்லை” என்றால் அவரால் எங்கிருந்து தொடங்க முடியும்? “இந்தக் கணக்கில் இந்த வரி வரை போட்டேன், இதற்கு அடுத்தது ஏன் இப்படி மாறுகிறது?” என்று தாளைக் காட்டினால் ஐந்து நிமிடத்தில் தெளிவாகிவிடும். பாடத்தில் சந்தேகமே இல்லையென்றால், “நீங்கள் சொன்ன இந்த விஷயம் பிடித்திருந்தது, மேலும் படிக்க எங்கே தொடங்கலாம்?” என்று கேளுங்கள். நான் பார்த்தவரை, இந்தக் கேள்விக்கு முகம் மலராத ஆசிரியர் இல்லை.

மின்னஞ்சல் என்றால் சுருக்கமாக. தலைப்பில் பாடத்தின் பெயரும் விஷயமும். உள்ளே இப்படி இருந்தால் போதும்: “வணக்கம் ஐயா. நான் உங்கள் புள்ளியியல் அறிமுகப் பாடத்தின் முதலாண்டு மாணவி. இரண்டாம் அசைன்மென்டின் நான்காம் கேள்வியில் மாதிரியின் அளவை எப்படித் தேர்ந்தெடுப்பது என்பதில் சந்தேகம். சிலபஸிலும் வகுப்புக் குறிப்பிலும் தேடினேன், கிடைக்கவில்லை. வியாழன் உங்கள் சந்திப்பு நேரத்தில் வரலாமா? நன்றி.” கீழே பெயரும் பதிவு எண்ணும். பதில் வரவில்லை என்றால் மூன்று வேலை நாள் கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பலாம், தவறில்லை.

இதைப் பழக்கமாக்கிக்கொள்வதில் இன்னொரு நன்மை உண்டு. மேற்படிப்புக்கோ வேலைக்கோ பரிந்துரைக் கடிதம் கேட்கும் நாள் வரும். உங்கள் மதிப்பெண்ணை மட்டும் அறிந்த ஒருவரால் இரண்டு வரிக்கு மேல் எழுத முடியாது.

ஏழாம் படி: குழு வேலை

குழு ப்ராஜெக்டில் சண்டை வருவது பெரும்பாலும் கடைசி வாரத்தில், காரணம் உருவாவது முதல் கூட்டத்தில். முதல் கூட்டத்திலேயே யார் எதை, எந்தத் தேதிக்குள் என்று எழுதி எல்லோருக்கும் அனுப்பிவிடுங்கள். ஆசிரியர் தந்த தேதிக்கு மூன்று நாள் முன்பாக உங்கள் சொந்தக் கடைசி தேதியை வையுங்கள். ஒருவர் வேலை செய்யவில்லை என்றால் முதலில் அவரிடமே தனியாகக் கேளுங்கள், வீட்டில் ஏதாவது பிரச்சினையாக இருக்கலாம். அதற்கும் பிறகு மாறவில்லை என்றால் தேதிக்கு முன்பே ஆசிரியரிடம் சொல்லுங்கள். மதிப்பெண் வந்த பிறகு சொல்வதால் பயனில்லை.

எட்டாம் படி: “இது எனக்கான இடம் இல்லையோ?”

ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் இந்த எண்ணம் வரும். முதல் பரபரப்பு அடங்கியிருக்கும், முதல் மதிப்பெண் வந்திருக்கும், மற்றவர்கள் எல்லோரும் கூட்டம் கூட்டமாகச் சிரித்துக்கொண்டு போவதாகத் தெரியும். பள்ளியில் முதல் இடத்தில் இருந்தவர்களுக்கு இது இன்னும் கடுமை. இங்கே எல்லோருமே அப்படி இருந்தவர்கள்தான். குடும்பத்தில் முதன்முதலாகப் பல்கலைக்கழகம் வந்தவர்களுக்கு, எல்லோருக்கும் தெரிந்த ஏதோ ஒன்று நமக்கு மட்டும் தெரியவில்லை என்ற உணர்வும் சேர்ந்துகொள்ளும்.

அமெரிக்க உளவியலாளர்கள் கிரெகரி வால்டன், ஜெஃப்ரி கோஹன் இருவரும் 2011-இல் சயன்ஸ் இதழில் வெளியிட்ட ஆய்வு ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். முதலாண்டு மாணவர்களுக்கு ஏறக்குறைய ஒரு மணி நேர அமர்வு நடத்தினார்கள். அதில் சொன்னது எளிமையானது: “இந்த இடத்தில் பொருந்தவில்லை என்ற எண்ணம் முதலாண்டில் எல்லோருக்கும் வருகிறது, நாளடைவில் குறைகிறது.” மூத்த மாணவர்களின் அனுபவங்களாக அதைப் படிக்கவைத்து, சொந்த வார்த்தையில் எழுதவைத்தார்கள். அமர்வில் கலந்துகொண்ட கறுப்பின மாணவர்களின் மதிப்பெண்கள் அடுத்த மூன்று ஆண்டுகளிலும் உயர்ந்தன. ஒரு மோசமான நாளை “நான் இங்கே சேர வேண்டியவனில்லை” என்பதற்குச் சான்றாக எடுத்துக்கொள்வதை நிறுத்தியதே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள்.

அதனால் சீனியர்களிடம் நேரடியாகக் கேளுங்கள்: “முதல் செமஸ்டர் உங்களுக்கு எப்படி இருந்தது?” அவர்கள் சொல்வதைக் கேட்டால் உங்கள் தனிமை எவ்வளவு பொதுவானது என்று தெரியும்.

ஆனால் தூக்கம் கெட்டு, சாப்பிடப் பிடிக்காமல், வகுப்புக்குப் போக மனமில்லாமல் இரண்டு வாரம் தொடர்ந்தால், அதைப் பொதுவான வருத்தம் என்று ஒதுக்காதீர்கள். பல பல்கலைக்கழகங்களில் மாணவர் ஆலோசனை மையம் இருக்கிறது. செமஸ்டர் முடிவில் அங்கே நேரம் கிடைப்பது கடினமாகலாம், எனவே தாமதிக்காமல் பதிவு செய்யுங்கள். உங்களையே துன்புறுத்திக்கொள்ளும் எண்ணம் வந்தால் காத்திருக்கவே வேண்டாம். அன்றே, அந்த நேரமே, நம்பும் ஒருவரிடம் சொல்லி அவசர உதவியை அழையுங்கள். உங்கள் பகுதியின் அவசர எண்ணையும் மையத்தின் எண்ணையும் இன்றைக்கே போனில் சேமித்துவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும் பக்கத்து அறையில் இருப்பவருக்குத் தேவைப்படலாம்.

ஒன்பதாம் படி: பின்தங்கிவிட்டால்

உடல்நலம், வீட்டுச் சூழல், பகுதிநேர வேலை என்று ஏதோ ஒரு காரணத்தால் இரண்டு வாரப் பாடம் தேங்கிவிடும். அப்போது எல்லோருக்கும் தோன்றுவது, “முதலில் விட்டதை முடித்துவிட்டு அப்புறம் வகுப்புக்குப் போவோம்” என்பது. அதைச் செய்யாதீர்கள். விட்டதைப் பிடிப்பதற்குள் இன்னும் இரண்டு வாரம் போய்விடும். இன்று நடக்கும் வகுப்புக்கு இன்று போங்கள், பாதி புரியாவிட்டாலும். விட்டதில் மதிப்பெண் அதிகமுள்ளதையும் அடுத்த பாடத்துக்கு அடிப்படையாக உள்ளதையும் மட்டும் எடுத்து, தினமும் ஒரு மணி நேரம் கொடுங்கள். மற்றதைத் தற்காலிகமாக விட்டுவிடுங்கள்.

பாடத்தைக் கைவிடும் கடைசி தேதி எது என்பதையும் பாருங்கள். பல இடங்களில் அந்தத் தேதிக்குள் விலகினால் தோல்வி என்று பதிவாகாது. உதவித்தொகையோ விசாவோ இருந்தால் குறைந்தபட்ச கிரெடிட் விதியைச் சரிபார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

பத்தாம் படி: தேர்வுக் காலம்

மூன்று வாரம் முன்பிருந்தே பழைய வினாத்தாள்களைத் தேடுங்கள். துறை நூலகத்திலோ சீனியர்களிடமோ இருக்கும். ஒன்றையாவது கடிகாரம் வைத்து, புத்தகம் மூடி, முழு நேரமும் உட்கார்ந்து எழுதிப் பாருங்கள். எந்தக் கேள்விக்கு எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பது அப்போதுதான் தெரியும்.

தூங்குங்கள். வயதுவந்தவர்களுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும் என்பது மருத்துவர்கள் சொல்வது. பகலில் படித்ததை மூளை நிலைப்படுத்துவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு முழுக்க விழித்துப் படிப்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டம் எங்கும் இருக்கும், அதில் சேராதீர்கள்.

பதினோராம் படி: விடைத்தாளைப் போய்ப் பாருங்கள்

முடிவுகள் வந்ததும் எண்ணைப் பார்த்து மகிழ்வதோடு, அல்லது அழுவதோடு, நிறுத்தாதீர்கள். விடைத்தாளைப் பார்க்க அனுமதி இருந்தால் போய்ப் பாருங்கள். மதிப்பெண் போனது தெரியாததாலா, கேள்வியைத் தவறாகப் படித்ததாலா, நேரம் போதாததாலா? மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. ஒரு தாளில் பாடவாரியாக எழுதி வையுங்கள்.

அதே வாரத்தில் அடுத்த செமஸ்டருக்கான பாடத் தேர்வு தொடங்கியிருக்கும். கட்டாயப் பாடங்களை முதலில் வையுங்கள். விருப்பப் பாடத்தை எடுக்கும்போது தலைப்பைவிட ஆசிரியரைப் பாருங்கள். அவரிடம் படித்த சீனியர் ஒருவரிடம், “மதிப்பெண் தாராளமா?” என்று கேட்பதோடு, “வாராவாரம் எவ்வளவு வேலை இருந்தது, சந்தேகம் கேட்டால் எப்படிப் பதில் சொல்வார்?” என்றும் கேளுங்கள். ஒரே செமஸ்டரில் மூன்று லேப் பாடங்களையோ மூன்று நீண்ட கட்டுரைப் பாடங்களையோ குவிக்காதீர்கள். உங்கள் துறைக்குத் தொடர்பே இல்லாத பாடம் ஒன்றுக்கு இடமிருந்தால் அதையும் சேருங்கள், அங்கே வேறு கூட்டம் அறிமுகமாகும். பதிவு திறக்கும் நாளையும் நேரத்தையும் குறித்து வைத்துக்கொண்டு முதல் மணி நேரத்திலேயே பதிவு செய்துவிடுங்கள். நல்ல பாடங்களின் இடங்கள் சீக்கிரமே நிரம்பிவிடும்.